பேரு சொல்லாம வெட்டுன காசு

அப்பு ராசு,

கடுதாசின்னா "இங்க எல்லாரும் சொகம், அங்க ஒன் சொகத்துக்கு எழுது"ன்னுதான் ஆரம்பிக்கணும். எனக்குக் கை வரல. நான் இங்க சொகமா இல்ல. நீ சொகமான்னு கேக்கவும் இப்ப மனசில்ல. ஆனா நீ நல்லா இருக்கணுமேங்கிற பயம் மட்டும் இருக்கு. அது என்ன பயம்னு கடுதாசி முடியுறதுக்குள்ள ஒனக்கே வெளங்கும். மூணாங் கிளாசு படிச்சவ எழுத்து, கோணல் மாணலாத்தான் இருக்கும். சைக்கிள் கடையில நின்ன வாக்குல படிக்காத. கையில இருக்கிற பஞ்சர ஒட்டி முடி, கையக் கழுவு, ஒரு ஓரமா உக்காந்து படி.

முந்தாநாள் காலையில அடைக்கி இங்க வந்துட்டுப் போனா. ஏந் தம்பி பழனியாண்டி மக, தை பொறந்ததும் நீ தாலி கட்டப் போற அதே அடைக்கிதான். திருமயத்துலருந்து தனியா பஸ்ஸேறி, திருக்கோகர்ணத்துல எறங்கி வந்திருக்கா. மூணு வருசமா அவ அப்பன் வீட்டு ஆளு ஒருத்தரும் ஏ வாசல மிதிச்சதில்ல. நான் முருங்கக்கீரைய உருவிக்கிட்டே இருந்தேன். அவ நெலப்படிக்கு அங்கிட்டே நின்னுக்கிட்டு பஸ் டிக்கெட்டச் சுருட்டுறா, விரிக்கிறா, மறுபடி சுருட்டுறா. அப்பறம் ஒரே மூச்சுல சொன்னா: "அயித்தே, ஒங்க பலூன் செய்யிற பக்குவத்த எங்கப்பா திருடல. ராசு அத்தான்தான் வந்து சொல்லிக் குடுத்தாக. எனக்கே போன மாசம் அப்பா சொல்லித்தான் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே ஒங்க முன்னாடி தாலிக்குத் தலைய நீட்ட எனக்கு மனசு வரல." "என்னடி சொல்ற, ஏ மகனா?"ன்னு கேட்டேன். "ஆமா அயித்தே, ஒங்க மகன்தான்"னா. மடியிலருந்த கீரையெல்லாம் கீழ கொட்டிப் போச்சு.

திருட்டுப் பய வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன், ஒங் கல்யாணத்துக்கு வர மாட்டேன்னு போன மாசம் ஒனக்கு எழுதுனேன்ல? அதுக்கு நீ என்ன பதில் எழுதுன? "ஆத்தா, பழச மறந்துரு, மன்னிச்சு விட்டுரு"ன்னு எழுதுன. படிச்சிட்டு, ஏ மகன் மனசு தங்கம்னு எதுத்த வீட்டுக்காரிகிட்டப் பீத்திக்கிட்டேன். யார மன்னிக்கச் சொல்லி எழுதுன ராசா? அதத்தான் ரெண்டு நாளா யோசிக்கிறேன். அந்தக் கடுதாசிய மறுபடி எடுத்து வச்சுப் படிச்சுப் பாத்தேன். அதுல ஒரு எடத்துல கூட நீ ஒம் மாமன் பேரச் சொல்லவே இல்ல.

இனி நான் சொல்லப் போறது ஒனக்குத் தெரிஞ்ச கதைதான். தெரிஞ்சதுதானேன்னு தாண்டிப் போயிராத. ஒங்கப்பா கண்டிச் சீமைக்குத் தோட்ட வேலைக்குப் போயி ஒரு காச்சலோட அங்கேயே போய்ச் சேந்தாரு. ஒனக்கு அப்ப மூணு வயசு. ஏந் தம்பி அப்ப திருவிழா திருவிழாவாப் போயி சீப்பு, கண்ணாடி, ரிப்பன் வித்துக்கிட்டிருந்தான். ஒரு நா திருச்சியிலருந்து ஒரு அட்டப்பெட்டி கொண்டாந்தான். தெறந்தா, செத்த பல்லிக் கூட்டமாட்டம் கலர் கலராச் சுருங்கிக் கெடக்கு. "என்னடா இது கண்றாவி"ன்னேன். ஒண்ண எடுத்து ஊதிக் காமிச்சான். நீ பயந்துபோயி ஏ முந்தானைக்குள்ள பூந்துக்கிட்ட. "சப்பான் பலூனுக்கா. நான் சீப்பு விக்கிற பக்கத்துலேயே நீ இத ஊதி வில்லு. ரெண்டு வயிறு கழுவிக்கலாம்"னான். மொத மொத வெராலிமலை தைப்பூசத்துக்குப் போனோம். எவனும் கிட்ட வரல, பொம்பள கம்பு பிடிச்சுக்கிட்டு நிக்கிறாளேன்னு வேடிக்கைதான் பாத்தாக. அப்ப மலையிலருந்து எறங்குன மயிலு ஒண்ணு கம்புல கட்டியிருந்த பச்சப் பலூனக் கொத்துச்சு பாரு! படார்னு வெடிச்சதும் அது கத்திக்கிட்டு ஓட, கூட்டமே கொல்லுன்னு சிரிச்சுக்கிட்டு எங்களச் சுத்திக்கிருச்சு. "முருகன் வாகனமே போணி பண்ணிருச்சுக்கா"ன்னான் பழனியாண்டி. அன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பெட்டி காலி.

ஒங்கப்பா வழிச் சொந்தத்துல ஒருத்தர் அங்க வந்து, "தாலியறுத்தவ நாலு பேரு பாக்க ரப்பர வாயில வச்சு ஊதுறா, குடும்ப மானம் போகுது"ன்னு கத்துனாரு. நான் வாயத் தெறக்குறதுக்குள்ள ஏந் தம்பி சீப்புக் கூடையக் கீழ வச்சிட்டு வந்துட்டான். "எங்கக்கா ஊதுனாத்தான் அவ வீட்டுல அடுப்பெரியும். நீங்க வந்து ஊதுறீகளா? இந்தாங்க"ன்னு ஒரு பலூன அவரு கையில குடுத்தான். மனுசன் போன வழி தெரியல. இதையெல்லாம் எதுக்கு எழுதுறேன்னு கேப்ப. மூணு வருசமா திருட்டுப் பயன்னு நான் வஞ்ச ஆளு யாருன்னு ஒனக்கு நெனப்பிருக்கணும், அதுக்குத்தான். எனக்கும் இருந்திருக்கணும். இல்லாமப் போச்சு.

தொழில்ல நான் மொதல்ல கத்துக்கிட்டது ஒண்ணு இருக்கு, அத ஒனக்கும் சொல்லிக் குடுத்தேன். காலையில ஊதுற பலூன முக்காலுக்கு மேல ஊதாத, மிச்சத்த வெயிலு ஊதிக்கிரும். விண்ணுன்னு ஊதி அழகு பாத்தா உச்சிவேளையில எல்லாம் வெடிச்சு நாரு நாராத் தொங்கும். இது பலூனுக்கு மட்டுமில்ல. நாளைக்குப் பொண்டாட்டிகிட்டக் கோவம் வந்தாலும் முக்காலோட நிறுத்து. நான் ஒரு நாளும் நிறுத்துனதில்ல. முழுசா ஊதித்தான் எனக்குப் பழக்கம், அதோட பலனத்தான் இப்ப அனுபவிக்கிறேன்.

ஒலகச் சண்ட வந்துச்சு, சப்பான் சாமான் வரத்து நின்னுச்சு. நான் கந்தர்வகோட்டையில முந்திரிக்கொட்ட ஒடைக்கப் போனேன். அந்தப் பாலு பட்டு ஏ வெரலெல்லாம் வெந்து தோலுரிஞ்சத நீ ஊதி ஊதி விடுவ. சண்ட முடிஞ்ச கையோட பழனியாண்டி ஒரு தகர டின்னத் தூக்கிக்கிட்டு வந்தான். மலையாளத்துலருந்து லாரி ஓட்டுறவரு ஒருத்தரு கொண்டாந்து குடுத்த ரப்பர்ப் பாலு. மூடியத் தெறந்தா மூக்கு எரியும், கண்ணு கரிக்கும், தெருவே சண்டைக்கு வரும். "சப்பான்காரன் என்ன வானத்துலருந்தா குதிச்சான்? நாமளே பலூன் செய்வோம்க்கா"ன்னான். மரம் கடையிறவருகிட்டச் சொல்லிப் பூசணி மாதிரி ஒரு அச்சு, வெள்ளரிக்கா மாதிரி ஒரு அச்சுன்னு ஒரு கூடை நெறையாச் செஞ்சுக்கிட்டு வந்தான். அச்சப் பால்ல முக்கி எடுத்து, காய வச்சு, உரிச்சா பலூன். கேக்க லேசுதான். செஞ்சு பாத்தா ஒரு எடத்துல கட்டியா நிக்கும், ஒரு எடத்துல ஈரத் துணியாட்டம் வழியும், உரிக்கும்போது டர்ருன்னு கிழியும். பாவம், அவன் திருச்சிக்கும் இங்கிட்டும் அலைஞ்சு என்னென்னமோ பொடி, திராவகமெல்லாம் வாங்கியாந்து ஊத்துனான். ஆறு மாசம் போச்சு. ஒண்ணும் உருப்படல.

ஒரு நா காலையில பழய சோத்தப் பிழிஞ்சு வச்சிட்டு, நீச்சத்தண்ணி சொட்டச் சொட்ட அந்தக் கையோடவே ஒரு அச்ச எடுத்தேன். கையிலருந்த புளிச்ச தண்ணி அச்சு பூரா வழிஞ்சுருச்சு. தொடைக்கச் சோம்பப்பட்டு அப்படியே கொஞ்சம் ஒணர விட்டுப் பால்ல முக்குனேன். அடேயப்பா! பாலு அச்சுல வாழத்தோலு மாதிரி ஒரே சீராப் பிடிச்சு நின்னுச்சு. காஞ்சதும் உரிச்சேன், கிழியாம வந்துச்சு. ஊதுனேன், உருண்டு நின்னுச்சு. மறுபடி செஞ்சேன், மறுபடியும் வந்துச்சு. அவன் ஊரு ஊராத் தேடுன மருந்து ஏ அடுப்பங்கரப் பானைக்குள்ள புளிச்சுக்கிட்டுக் கெடந்திருக்கு. எனக்குச் சிரிப்புந் தாங்கல, அழுகையுந் தாங்கல.

இங்கதான் ராசு, ஏ மொதத் தப்பு. அத நான் ஏந் தம்பிகிட்டச் சொல்லல. டின்னு தூக்குனவன் அவன், அச்சுக் கொண்டாந்தவன் அவன், தெருக்காரங்ககிட்ட ஏச்சு வாங்குனவன் அவன். அவன்கிட்ட, "என்னமோ கை பழகிருச்சுடா"ன்னு சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்? ஆம்பளைக்கு எல்லாந் தெரிஞ்சு போச்சுன்னா பொம்பள எதுக்குன்னு ஒதுக்கிருவானோன்னு பயந்தேன். அதனால அச்சுக்குத் தண்ணி தடவுற வேலைய மட்டும் அடுப்பங்கரக் கதவ ஒருக்களிச்சு வச்சிட்டு நானே செய்வேன். "அக்கா கைராசி"ன்னு அவன் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். நம்புன மனுசன நம்பாம வச்சிருந்தேன். நார்த்தாமலைப் பங்குனித் திருவிழாவுக்கு மொத வாரம் எனக்குக் காச்சல் கண்டு எந்திரிக்க முடியாமப் போனப்ப, ஒன்னயக் கூப்பிட்டு ஒங்கிட்ட மட்டும் சொன்னேன். இருவது வயசு ஒனக்கு. "யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது"ன்னு கைய நீட்டுனேன், நீ பளிச்சுன்னு கையடிச்சு சத்தியம் பண்ணுன. அன்னிக்கு நீ தண்ணி தடவுன பலூனெல்லாம் ஏ கையில வந்தத விட நல்லா வந்துச்சு. படுத்த படுக்கையிலருந்து அதப் பாத்துப் பாத்துப் பூரிச்சுப் போனேன்.

மறு வருசம் ஆடியில, இந்தத் திருக்கோகர்ணத்துலேயே, கோயிலு வாசல்ல ஒருத்தன் பலூன் கம்போட நின்னான். நம்ம பூசணி மாதிரி, நம்ம வெள்ளரி மாதிரி, ஆனா நம்ம சரக்கில்ல. "எங்க வாங்குனது"ன்னேன். "திருமயத்துல புதுசா ஷெட்டுப் போட்டிருக்காக, பழனியாண்டி ஷெட்டு"ன்னான். ஒண்ண வாங்கி, ஊதாம மூக்குல வச்சு மோந்தேன். லேசா நீச்சத்தண்ணிப் புளிப்பு. கூட்டத்துல நின்னுக்கிட்டே எனக்குக் கண்ண இருட்டிருச்சு. ரெண்டு மாசமா, "ஒத்தாசைக்கு வர முடியலக்கா, வேற ஏவாரம்"னு அவன் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சதெல்லாம் இதுக்குத்தானான்னு புரிஞ்சுச்சு. ஒன்னயும் கூட்டிக்கிட்டு அன்னிக்கே திருமயம் போனேன். பணக்கார மொதலாளி ஒருத்தரு பணத்துல அவன் போட்ட ஷெட்டு, வேலைக்கு ஆளுக, வரிசையா அச்சு, ஒரு ஓரத்துல பெரிய பானை. பானைய எட்டிப் பாத்தேன். புளிச்ச தண்ணி. "எப்பிடிடா தெரிஞ்சுச்சு, கதவிடுக்கு வழியா எட்டிப் பாத்தியா? கூடப் பொறந்தவ வயித்துல அடிச்சிட்டியேடா பாவி"ன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டுக் கத்துனேன். அவன் ஒன்னய ஒரு தரம் பாத்தான். மருமகன் முன்னாடி கூனிப் போறான்னு நெனச்சேன். அப்பறம் தலையக் குனிஞ்சுக்கிட்டு, "அக்கா, என்னய என்ன வேணுமின்னாலும் சொல்லிக்க"ன்னான். நான் அந்த வாசல்ல காறித் துப்பிட்டு வந்தேன். பஸ்ஸுல வரும்போது நீதான் எனக்குத் தண்ணி வாங்கிக் குடுத்த.

அடுத்த வெள்ளிக்கெழம நான் சாமிகிட்டக் காசு வெட்டிப் போட்டுச் சாபம் விடப் போனது ஒனக்கு மறக்காது. எப்பிடி மறக்கும்? நீதானே பக்கத்துல நின்ன. நம்ம பொறந்த ஊருக் கருப்பரு முன்னாடி, தேங்கா பழத் தட்டப் பிடிச்சுக்கிட்டு நின்ன. பூசாரி அருவாளையும் கட்டையையும் எடுத்து வச்சாரு. நான் முடிச்சவுத்து நம்ம சமஸ்தானத்து அம்மன் காசு ஒண்ணு குடுத்தேன். "ஆத்தா உருவம் இருக்கிற காசும்மா, வேற இருந்தாக் குடுங்களே"ன்னாரு. "ஆத்தாளும் சேந்தே கேக்கட்டும்"னேன், அம்புட்டு ஆங்காரம். "யாருன்னு பேரு சொல்லி வெட்டுங்க"ன்னாரு. அங்கதான் எனக்கு நாக்கு பெரளல. கூடப் பொறந்தவன் பேரச் சொல்லிக் காசு வெட்டுனா, நாளைக்கு நான் செத்தா எனக்குப் பொறந்த வீட்டுக் கோடித்துணி கொண்டாந்து போட ஆளேது? அனாதப் பொணமால்ல போவேன்? என்ன கோவமா இருந்தாலும் அந்தப் பயம் விடல. அதனால பேர விட்டுட்டேன். "ஏம் பக்குவத்த வெளிய எடுத்துக் குடுத்தவன் எவனோ, அவன நீ கேளு சாமி, அவன் கையக் கேளு, காலக் கேளு, உசுரக் கேளு"ன்னு வெட்டுனேன். காசு ரெண்டாத் தெறிச்சுச்சு. ஒரு துண்டு ஒங் காலுகிட்ட வந்து விழுந்துச்சு. நீ குனிஞ்சு எடுத்துக் கருப்பரு காலடியில போட்ட. ராசு, ஒங் கையாலேயே போட்ட. அப்பவாச்சும் வாயத் தெறந்திருக்கக் கூடாதா? "ஆத்தா, நாந்தான்"னு ஒரு சொல்லு. நான் ஒன்னய அங்கேயே நாலு சாத்துச் சாத்தியிருப்பேன், வீட்டுக்கு வந்து சோறு போட்டிருப்பேன். அதோட முடிஞ்சிருக்கும்.

அதுக்கப்பறம் பழனியாண்டியோட வண்டிமாடு செத்துச்சு. அவன் பொண்டாட்டி கெணத்துப் படியில வழுக்கிக் கால ஒடிச்சுக்கிட்டா. ஊரு பூராவும், அக்காக்காரி வெட்டுன காசு பேசுதுன்னாக. மறைக்காமச் சொல்றேன், எனக்கு நெஞ்சுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. நீ திருச்சிக்குச் சைக்கிள் கடைக்குப் போன மூணாவது மாசம் சக்கரத்துக் கம்பியில மாட்டி ஒங் கையில ரெண்டு வெரலு நசுங்குச்சு. போன வருசம் ஐப்பசியில விசக் காச்சல் வந்து நாப்பது நாளு கெடந்த. நான் திருச்சிக்கு ஓடியாந்து ஒந் தலமாட்டுலேயே உக்காந்து, "கருப்பரே, ஏ மகன விட்டுரு, கெடா வெட்டுறேன்"னு வேண்டுனேன். அவன் உசுரக் கேளுன்னு சொன்னவளும் நானு, கேக்காதன்னு கெஞ்சுனவளும் நானு. சாமிக்கே கிறுக்குப் பிடிச்சிருக்கும். அந்த நாப்பது நாள்ல கண்ணு தெறந்தப்பெல்லாம் நீ ஏ கையப் பிடிச்சுக்கிட்டு, "ஆத்தா, ஆத்தா"ன்னு என்னமோ சொல்ல வருவ. "பேசாதப்பா, படு"ன்னு வாயப் பொத்துனது நாந்தான். அது இப்ப ரெண்டு நாளா என்னயத் தூங்க விடல. நெசமாவே காசுதான் பண்ணுச்சா, வெறும் காச்சலான்னு எனக்குத் தெரியாது. படிச்சவன் நீ சிரிச்சாலும் சிரிப்ப. ஆனா வெட்டுனவ நானு, எனக்குச் சிரிப்பு வராது.

நீ எதுக்கு அப்பிடிச் செஞ்சன்னும் அடைக்கி சொன்னா. அவளுக்குக் காரைக்குடிப் பக்கம் துணிக்கடை வச்சிருக்கிற எடத்துல பேச்சு நடந்திருக்கு. நீ ஒம் மாமன்கிட்டப் போயி, "அடைக்கிய எனக்குக் குடுங்க மாமா, ஆத்தா பக்குவத்த நான் சொல்றேன்"னு சொல்லியிருக்க. ஏலே, மொறப்பொண்ணுடா அவ ஒனக்கு! மொறையோட கேக்க வேண்டியவள வெல பேசிக் கேட்டிருக்கியே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த நீச்சத்தண்ணிப் பானைய நானே பரிசத்தட்டுல தூக்கி வச்சு, மேளத்தோட கொண்டுபோயிக் குடுத்திருப்பேன். ஒனக்கு இல்லாத பக்குவம் எனக்கு எதுக்கு? யாருக்காக நான் அதப் பொத்திப் பொத்தி வச்சேன்? நீ எடுத்துக் குடுத்ததுக்குக் கூட நான் இம்புட்டு அழல. மூணு வருசம், இங்க இருந்தப்பவும் திருச்சியிலருந்து வந்து போனப்பவும், நான் ஒம் மாமன ஏசும்போதெல்லாம் எதுத்தாப்புல உக்காந்து சோறு தின்னியே, அது எப்பிடித் தொண்டையில எறங்குச்சு?

ஒம் மாமனையும் நான் சும்மா விடல. அவன் திருடல சரி. ஆனா வீடு தேடி வந்தத வேண்டாம்னும் சொல்லலையே. "இது ஒங்க ஆத்தா சொத்துடா, போயி அவளக் கேட்டுக்கிட்டு வா"ன்னு ஒன்னயத் திருப்பி அனுப்பியிருந்தா அவன் ஆம்பள. இத அடைக்கிகிட்டயும் மூஞ்சிக்கு நேராச் சொன்னேன். அவ தலையாட்டுனா. "நானும் அதத்தான் அப்பாகிட்டக் கேட்டேன் அயித்தே"ன்னா. "பின்ன ஏண்டி மூணு வருசமா அவன் வாயத் தெறக்கல? 'ஒம் மகன்தான்க்கா சொன்னான்'னு சொல்லியிருந்தா இந்த ஏச்சுக்குத் தப்பிச்சிருப்பானே"ன்னேன். அதுக்கு அவ சொன்னத அப்பிடியே எழுதுறேன். "நான் கேட்டேன் அயித்தே. 'எங்கக்காவுக்கு அவன் ஒருத்தன்தான் இருக்கான். அவனையும் வெறுத்துட்டா அவ யாருகிட்டப் போவா? என்னய வையட்டும், எனக்குத் தாங்கும்'னு சொன்னாக." மாடு செத்தப்பவும் கால ஒடிச்சுக்கிட்டப்பவும் அவன் பொண்டாட்டிகிட்ட அதையேதான் சொல்லியிருக்கான். நான் அந்தப் புள்ளைய உள்ள கூப்பிட்டு உக்கார வச்சுச் சோறு போட்டேன். ரெண்டு பேரும் சேந்து தின்னோம். போகும்போது, "காச மீட்டுருங்க அயித்தே, எனக்குப் பயமா இருக்கு"ன்னு ஏ கையப் பிடிச்சுக்கிட்டா. நல்ல புள்ளைடா அவ. ஒனக்கு அவ கொஞ்சம் ஜாஸ்திதான்.

கல்யாணம் ஆகப் போறவனுக்குத் தாயி சொல்ல வேண்டியத ஒண்ணு சொல்லிப்புடுறேன். அவகிட்ட எதையும் மறைக்காத. நான் மறைச்சேன், அதனாலதான் அது திருடக்கூடிய பொருளாச்சு. எல்லார் வீட்டுப் பானையிலயும் கெடக்குற தண்ணி அது. மொத நாளே ஏந் தம்பியக் கூப்பிட்டு, "இந்தா பாருடா கூத்த"ன்னு காமிச்சிருந்தா அந்த ஷெட்டு எங்க ரெண்டு பேருது. நீ விக்கிறதுக்கு அங்க ஒண்ணும் இருந்திருக்காது. இத எழுதிட்டேங்கிறதுக்காக ஒன்னய மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்கிராத. இன்னும் இல்ல. ஒம் போட்டோவச் செவுத்துலருந்து கழத்திக் கவுத்து வச்சிருக்கேன். நாளைக்கே எடுத்து மாட்டுனாலும் மாட்டுவேன், எனக்கே தெரியல.

நேத்து ஊருக்குப் போயிப் பூசாரியப் பாத்தேன். வெட்டுன காச மீக்க வழியிருக்காம். வெட்டுனவளும் வெட்டப்பட்டவனும் சேந்து வரணும். அதே மாதிரி முழுக்காசு ஒண்ணு சாமி காலடியில வைக்கணும். ரெண்டு பேரும் ஒரே எலையில சோறு திங்கணும். "அம்மன் காசுக்கு இப்ப எங்கம்மா போவீக, சமஸ்தானத்தோட அதுவும் போச்சே"ன்னாரு. எங்கிட்ட ஒண்ணு இருக்குன்னேன். ஒனக்கு நாலு வயசுல, நவராத்திரிக்கு அரமனையில அரிசியோட குடுத்த அம்மன் காச வாங்குன மறு நிமிசம் வாயில போட்டு முழுங்குனியே, நெனப்பிருக்கா? பொட்டு மாதிரி இத்துனூண்டுக் காசு. மூணு நாளு வாழப்பழமாக் குடுத்து, ஒம் பின்னாலேயே குச்சியோட திரிஞ்சு, கண்டுபிடிச்சுக் கழுவி, ஆத்தா உருவமாச்சேன்னு மஞ்சத் துணியில முடிஞ்சு வச்சேன். இன்னும் வச்சிருக்கேன். அதத்தான் கொண்டாரப் போறேன்.

வர்ற வெள்ளிக்கெழம காலையில கருப்பரு கோயிலுக்கு வந்துரு. ஒம் மாமனுக்கும் ஆளு விட்டிருக்கேன். அவன் வருவான், நான் அவன் மூஞ்சியில எப்பிடி முழிக்கப் போறேன்னு தெரியல, அது ஏம் பாடு. நீ செய்ய வேண்டியது ஒண்ணுதான். பேரு சொல்லாம வெட்டுன காச, பேரு சொல்லித்தான் மீக்கணுமாம். எவனோன்னு நான் விட்ட எடத்துல, ஒம் மாமன் கேக்க, அடைக்கி கேக்க, ஊரு கேக்க, ஒம் பேர நீயே ஒன் வாயால சொல்லணும். வேற யாரும் ஒனக்காகச் சொல்ல முடியாது. நான் ஒம் பக்கத்துலதான் நிப்பேன். இந்தத் தடவ தட்ட நான் பிடிச்சுக்கிறேன்.

ஒன் ஆத்தா